பழம்பதிகளைப் பார்த்துவந்த கதை

(எமது சங்கத்தின் ஆண்டுவிழாவன்று, சுற்றுலாக் குழுவினர் சார்பில் ஒட்டுசுட்டானில் நிகழ்த்திய பேச்சு)





சென்ற சித்திரை விடுமுறையில், வருடப்பிறப்புக் கழிந்த மறுவாரம், எமது சங்கத்தைச் சேர்ந்த முப்பத்தெட்டுப் பேர் ஒரு பஸ் வண்டியை வாடகைக்கு அமர்த்தி அநுராதபுரம், தம்புள்ளை, சிகிரியா, பொலன்னறுவை, கண்டி ஆகிய பழம்பதிகளுக்கு ஐந்து நாட் பயணம் போய் வந்தோம். போய் வந்தவர்கள் தாம் கண்டதைச் சபையிற் சொல்லவேண்டும் என்பது செயற்குழு விதித்த நிபந்தனை. அந்தக் கடனைத் தீர்க்கவே இங்கு நிற்கிறோம். காலை ஆறு மணிக்குத் தேநீர் அருந்தினோம், எட்டு மணிக்குப் பிட்டும் சம்பலும் உண்டோம் என்ற முறையிற் பேசி உங்கள் பொறுமையைச் சோதிக்கமாட்டோம். பிட்டு நன்றாகத்தான் இருந்தது. அதை அவித்துத் தந்த தாய்மார் முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி.

ஓர் உண்மையை முதலிலேயே ஒளியாமற் சொல்லிவிடுகிறோம். இப்பயணத்துக்கு ஊரில் எதிர்ப்பு இருந்தது. நெடுங்காலம் வட்டை விதானையாராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து, “எங்கடை ஊரிலை உடைஞ்சு கிடக்கிறது காணாதெண்டு, அங்கை போய் உடைஞ்சதைக் காசு குடுத்துப் பாக்கப் போறியளோ தம்பிமார்?” என்று கேட்டார். சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. அவருடைய தமையனார் அநுராதபுரத்திற் கடை வைத்திருந்தவர். 1977ஆம் ஆண்டு ஆவணிக் கலவரத்தில் கடையையும் வீட்டையும் விட்டு, உடுத்த வேட்டியோடு வவுனியாவுக்கு ஓடிவந்தவர். அன்று தொடக்கம் அக்குடும்பத்தில் அநுராதபுரம் என்ற பெயரை ஒருவரும் உரத்துச் சொல்வதில்லையாம். இப்படிப்பட்ட ஒருவருக்குப் பழைய நகரத்தின் சிற்பச் சிறப்பை எடுத்துச் சொல்லி மறுமொழி கூற எங்களால் இயலவில்லை. கடைசியில் அவரும் வந்தார். பேத்தி வருகிறாள், பெண்பிள்ளையைத் தனியே விடலாமா என்பது அவர் சொன்ன காரணம். அவர் வந்திராவிட்டால் இப்பேச்சிற் பாதி இருந்திராது.

மாங்குளச் சந்தியில் தெற்கே திரும்பியதும் நாம் ஏறியது கண்டி வீதி. அந்த வீதியை அப்பெயரால் அழைத்தே நாம் வளர்ந்தோம். ஆனால் அவ்வீதி வழியே கண்டிக்குப் போனவர் எங்கள் வயதினரில் எத்தனை பேர்? 1990களில் அது மூடிக்கிடந்தது. 2002இல் திறந்தார்கள், 2006 ஓகஸ்டில் மறுபடி மூடினார்கள், போர் முடிந்த 2009க்குப் பின்னர்தான் அது எல்லோர்க்கும் பொதுவழி ஆயிற்று. அதற்கு முந்திய தலைமுறை பாடசாலைச் சுற்றுலாவாகச் சிகிரியா ஏறியிருக்கிறது. எங்கள் தலைமுறை அவற்றைப் பரீட்சைப் பாடமாக மாத்திரம் அறிந்தது. எங்களோடு வந்தவர்களில் இளையவன் 2009இற் பிறந்தவன். பிறந்த இடத்தைக் கேட்டால் ஊர்ப் பெயர் சொல்லத் தெரியாது. பாதையோரத் தரப்பாள் கொட்டில் என்பான்.

அநுராதபுரத்தில் முதல்நாள் நாங்கள் பெரும் பிழை விட்டோம். நண்பகலுக்குள் ஏழு இடங்கள் பார்த்துவிட்டோம். ஓடி இறங்குவதும், கைத்தொலைபேசியிற் படம் எடுப்பதும், ஓடி ஏறுவதுமாக. மத்தியானம் ஒரு மருத மரத்தின் கீழ்க் கட்டுச்சோற்றுப் பொட்டலங்களை அவிழ்த்தபோது விதானையார் ஐயா, “எங்கை, பாத்ததைச் சொல்லுங்கோ பாப்பம்” என்றார். ஒரு தம்பி படத்தைக் காட்டி இது ருவன்வெலிசாய என்றான். மற்றவன் இல்லை, தூபாராமை என்றான். மூன்றாமவள் தன் படத்தையும் அவன் படத்தையும் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொன்னாள். உண்மையில் இரண்டும் வேறு. வெள்ளையாய், வட்டமாய் இருந்ததெல்லாம் எங்களுக்கு ஒன்றாய்ப் போயிற்று.

அதன்பின் திட்டத்தை மாற்றினோம். பின்னேரத்துக்கு ஒரே ஓர் இடம்; அவ்விடத்தைப் பற்றி முன்னரே படித்துவந்த ஒருவர் பேசவேண்டும்; பேசிமுடியும்வரை படம் எடுக்கலாகாது. இந்த மூன்று விதிகளையும் இனிச் சுற்றுலாப் போகும் எவருக்கும் சிபாரிசு செய்கிறோம்.

அன்று பின்னேரம் நாங்கள் தேர்ந்தெடுத்தது சேதவனத் தூபி. கி. பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகாசேன மன்னன் தொடக்கியது. கட்டி முடித்த காலத்தில் அதன் உயரம் ஏறத்தாழ 122 மீற்றர். அக்காலத்து உலகில் எகிப்தின் இரு பெரிய பிரமிட்டுக்களுக்கு அடுத்தபடியான உயரம் என்பர். இன்று எஞ்சி நிற்பது 71 மீற்றர் அளவு. அதிற் செலவான செங்கற்கள் 9 கோடி 30 இலட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் குழுவில் மேசன் வேலை செய்யும் தம்பி ஒருவன் இருந்தான். மீள்குடியேற்ற வீடுகள் பலவற்றுக்குக் கல் வைத்த கை. அவன் அடிவரிசைச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்து, “அண்ணை, இதுக்குச் சூளை எங்கை வைச்சிருப்பாங்கள்? விறகு எவ்வளவு போயிருக்கும்?” என்று கேட்டான். வழிகாட்டி நூல்களில் அக்கேள்விக்கு விடை இல்லை. ஆனால் அவன் கேட்டபிறகுதான் அந்தச் செங்கல் மலையை ஆட்கள் கட்டினார்கள், வியர்வை சிந்திக் கட்டினார்கள் என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது.

மறுநாட் காலை சிறீ மகாபோதிக்குப் போனோம். கி. மு. 3ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட வெள்ளரசின் கிளை. நட்ட காலம் இன்னதென்று வரலாறு அறிந்த மரங்களில் மிகப் பழையது. செருப்பைக் கழற்றி, வெண்ணிற உடை உடுத்த கூட்டத்தோடு கூட்டமாய் மெல்ல நடந்தோம். படி இறங்கியபின் விதானையார் ஐயா பிள்ளைகளை ஒரு பக்கமாகக் கூட்டிச் சென்று இருத்தினார். 1977இல் தமையனாருக்கு நேர்ந்ததைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். அவர் சொன்னது வேறு. 1985ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் விடுதலைப் புலிகள் இயக்கத்தவர் பஸ்ஸில் வந்து, நகரப் பஸ் நிலையத்திலும் இந்த மரத்தடியிலும் நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்களைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் வழிபட வந்த பெண்களும் துறவிகளும் இருந்தார்கள் என்றார். “எங்களுக்கு நடந்ததை உங்களுக்கு எல்லாரும் சொல்லுவினம். இதை ஒருத்தரும் சொல்லாயினம். அதாலை நான் சொல்லுறன்” என்றார். பிள்ளைகள் பேசவில்லை. எங்களிற் பெரியவர்களும் பேசவில்லை. இதை இச்சபையிற் சொல்லலாமா, விடலாமா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. சொல்வதென்று பெரும்பான்மையால் முடிவாயிற்று.

அபயகிரிப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது. உல்லாசப் பயணிகள் அங்கு போவதில்லை. மூன்று பேரை விசாரித்தபின், காவலாளியாகிய ஒரு சிங்களப் பெரியவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சாசனம். தமிழ் இல்லறத்தார்களுக்குரிய மேடை என்பது அதன் பொருள். மேடையின் படிநிலைகளில் யார் யார் ஆசனம் எதுவெனப் பெயர்கள் வெட்டியிருக்கின்றன; அவர்களுள் ஒருவன் கப்பலோட்டும் நாவிகன். பேராசிரியர் பரணவிதான 1940இல் இதனை வாசித்து வெளியிட்டார். கூட்டங்கூடி இருந்து கதைக்க ஒரு மேடை, அதில் இது உன் இடம், இது என் இடம் என்ற ஒழுங்கு. எமது சங்கத்துக் கூட்டத்திலும் முன்வரிசைக் கதிரைக்கு நடக்கும் போட்டியை எண்ணிப் பார்த்தோம். இரண்டாயிரம் ஆண்டில் நாம் பெரிதாக மாறிவிடவில்லை.

அவ்விடத்தில் எங்கள் தம்பி ஒருவனுக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. “பாத்தியளே! இது முழுக்க எங்கடை இடம்” என்றான். ஐயா அவனைப் பார்த்து, “திண்ணையிலை இருந்தவன் வீடு முழுக்கத் தன்ரை எண்டு சொல்லுவானோ? ஆனா திண்ணையிலை அவன் இருந்தவன்தான். அதை ஆரும் இல்லையெண்டேலாது” என்றார். இதே செய்தி வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திலும் உண்டு. அங்குள்ள குகையொன்றில், தமிழ் வணிகனாகிய விசாகன் என்ற இல்லறத்தான் பெயரில் ஒரு பிராமிச் சாசனம் இருக்கிறது. பௌத்தத் துறவிகள் தங்கிய குகை அது. தமிழ் வணிகன் பெயர், பிராகிருத மொழி, பௌத்தக் குகை. இம்மூன்றையும் ஒரு வாக்கியத்துக்குள் வைத்துப் பேச இன்றைக்கு எமக்கும் நாக் கூசுகிறது, மற்றவர்க்கும் கூசுகிறது. வெட்டியவனுக்குக் கூசவில்லை.

எல்லாளனைப் பற்றி நாம் சொல்லாமல் விட்டால் இச்சபை எங்களை மன்னியாது. கி. மு. 2ஆம் நூற்றாண்டில் அந்நகரிலிருந்து 44 ஆண்டு ஆண்டான் என்பது மகாவம்சம் தரும் செய்தி. திருவாரூரில் மனுநீதிச் சோழன்மேல் ஏற்றிச் சொல்லும் பசுக்கன்றின் கதையை மகாவம்சம் எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. அவனைப் போரில் வென்ற துட்டகைமுனு, அவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி, அவ்வழியாற் போவோர் மேளவாத்தியத்தை நிறுத்திப் போகவேண்டுமெனக் கட்டளையிட்டான் என்பதும் அந்நூலே தரும் செய்திதான். எழுதியவர் ஒரு பௌத்த பிக்கு. பகைவனைப் பற்றி அவர் எழுதியதை நம் பிள்ளைகளிற் பலர் முதன்முறையாக அன்றுதான் கேட்டார்கள்.

அநுராதபுரத்தை விட்டுப் புறப்படுமுன் மல்வத்து ஓயாப் பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். சிற்றாறுதான். அந்த ஓயாவே மன்னார்ப் பக்கம் வரும்போது நமது அருவியாறு. அப்பழைய தலைநகருக்குக் கடல்வாசலாய் இருந்தது மாதோட்டம்; திருக்கேதீச்சரம் இருக்கும் அதே துறை. வரைபடத்தில் விரலை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிக்கும் போதிமரத்து நகருக்கும் இடையே அன்று வண்டிகள் போய் வந்தன என்பது விளங்க வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

தம்புள்ளைக்குப் போகும் வழியிற் கலாவாவியைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தவர் விதானையார் ஐயா. நிகழ்ச்சித் திட்டத்தில் அது இல்லை. ஒரு குளத்தைப் பார்க்க முத்தையன்கட்டிலிருந்து இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று முணுமுணுத்தவர்கள் நாங்களே. ஆனால் எங்கள் பயணத்தில் மிகச் சிறந்த ஒரு மணித்தியாலம் அக்குளக்கட்டிற் கழிந்தது.

கி. பி. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய குளம் அது. அங்கிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு நீர் கொண்டுபோக வெட்டிய யோத எல என்ற வாய்க்காலின் நீளம் 87 கிலோமீற்றர். ஐயா கட்டின்மேல் நின்று கேட்டார்: “முதல் பதினேழு மைலுக்கு இந்த வாய்க்கால் மைலுக்கு ஆறு அங்குலந்தான் இறங்குது. மைலுக்கு ஆறு அங்குலம்! உங்களுக்கு அதின்ரை அருமை தெரியுமே?” எங்களுக்குத் தெரியாது. அவர் விளக்கினார். சாய்வு கூடினால் நீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். குறைந்தால் தேங்கும், மண்டி படியும். அளவுக்கருவி கையில் உள்ள இக்காலத்திலேயே கிளைவாய்க்கால் வெட்டிவிட்டு நீர் ஏறவில்லை என்று மறுபடி வெட்டுவதை அவர் தம் உத்தியோக காலத்திற் பலமுறை பார்த்திருக்கிறார். அந்த மனிதர்கள் மைலுக்கு ஆறங்குலம் எப்படிப் பிடித்தார்கள்? பிறகு பழைய குளங்களின் துருசைப் பற்றிப் பேசினார். பெருங்குளத்து நீர் துருசு வழியே பாய்ந்தால் அதன் வேகம் கட்டையே உடைத்துவிடும். அதனால் கட்டுக்குள் சதுரமாக ஒரு கிணறு இறக்கி, நீரை அதனுட் புகவிட்டு வேகத்தை அடக்கி, அப்பால் விட்டார்கள். பிசோகொட்டுவ என்பது அதன் சிங்களப் பெயர். நீர்ப்பாசனப் பொறியியலாளராய் இருந்து பழைய குளங்களை ஆராய்ந்த ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர், 1909இல் வெளிவந்த தமது நூலில் இவ்வமைப்பை வியந்து எழுதியிருக்கிறார். ஐயா அந்நூலை வாசித்தவரல்லர். துருசு திறந்து பழகிய கையால் விளங்கிக்கொண்டவர்.

அங்கே வலைபின்னிக்கொண்டிருந்த ஒரு சிங்கள விவசாயி எங்கள் கூட்டத்தைக் கண்டு எழுந்து வந்தார். அவருக்குத் தமிழ் இல்லை. ஐயாவுக்குச் சிங்களம் அரைகுறை. கையால் அளந்து காட்டியும், மண்ணிற் குச்சியாற் கீறியும் இருவரும் அரைமணித்தியாலம் வான்பாய்ச்சலைப் பற்றிக் கதைத்தார்கள். வண்டிக்காரர் ஹோர்ன் அடித்துக் களைத்துவிட்டார்.

தாதுசேனனின் மகன்தான் காசியப்பன். தகப்பனைச் சிறைவைத்து, ஒளித்துவைத்த செல்வம் எங்கே என்று கேட்டபோது, தாதுசேனன் மகனின் ஆட்களைக் கலாவாவிக்குக் கூட்டிவந்து, நீரைக் கையில் அள்ளி, எனக்குள்ள செல்வம் இவ்வளவே என்றானாம். வரலாற்று நூல் அப்படிச் சொல்கிறது. அந்தத் தகப்பனைக் கொன்று, அந்த அச்சத்தில் மலைமேல் ஏறியிருந்து காசியப்பன் கட்டியது சிகிரியா. 477 தொடக்கம் 495 வரை அவன் ஆட்சி. சிகிரியாவை எல்லோரும் எழுதிவிட்டார்கள், படத்திலும் பார்த்துவிட்டீர்கள். ஏறினோம், இறங்கினோம், முழங்கால் நொந்தது. வெளிநாட்டார் டொலரிற் பெருந்தொகை கொடுத்து ஏறும் மலைக்கு நாம் சில்லறை கொடுத்து ஏறுகிறோம் என்பதை மாத்திரம் நினைவூட்டுகிறோம்.

ஒன்றைச் சொல்லவேண்டும். அங்குள்ள கண்ணாடிச் சுவரில் ஆயிரம் ஆண்டுக்கு முன் மலை பார்க்க வந்தவர்கள் பாட்டெழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றில் 685 பாட்டுக்களைப் பரணவிதான 1956இல் நூலாக்கினார். அவர்களும் உல்லாசப் பயணிகளே. நமது தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணை, அவங்கள் கீறினால் இலக்கியம். நான் கீறினால் பொலிஸோ?” 2015இல் அச்சுவரிற் பெயர் கீறிய ஒருவர் சிறை சென்றதும், பின்னர் சனாதிபதியின் மன்னிப்பால் விடுதலையானதும் அவனுக்குத் தெரியும். ஐயாவின் பேத்தி, “நீ ஒரு நல்ல பாட்டாய்க் கொப்பியிலை எழுது. பிறகு பாப்பம்” என்றாள். அவன் இன்னும் எழுதவில்லை.

பொலன்னறுவைக்கு வருவோம். சோழர் 993 அளவில் இந்நாட்டின்மேற் படையெடுத்தனர். 1017 அளவில் இராசேந்திரன் காலத்தில் முழு வெற்றி பெற்றனர். ஐந்தாம் மகிந்தன் என்ற மன்னனைச் சிறைப்பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோயினர். அவன் 1029இல் அங்கேயே இறந்தான். பொலன்னறுவைக்கு அவர்கள் இட்ட பெயர் சனநாதமங்கலம். 1070இல் முதலாம் விசயபாகு அவர்களைத் துரத்தும்வரை அது அவர்கள் தலைநகர்.

அங்கே இரண்டாம் சிவதேவாலயம் எனத் தொல்பொருட் திணைக்களம் இலக்கமிட்டிருக்கும் கோயில் வானவன்மாதேவி ஈச்சுரம். இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமான வானவன்மாதேவியின் பெயரால் அமைந்தது. அடிமுதல் சிகரம்வரை கருங்கல். பராக்கிரமபாகுவின் செங்கல் மாளிகை இடிந்து மொட்டைச் சுவராய் நிற்க, அதற்கும் முந்திய இச்சிறு கோயில் முழுதாய் நிற்கிறது. நாங்கள் உள்ளே நின்று தேவாரம் பாடினோம். பாடி முடியும்போது வாசலில் ஒரு சிங்கள மூதாட்டி எண்ணெய்ச் சிட்டியோடு காத்து நின்றார். நாங்கள் விலகினோம். அவர் வந்து இலிங்கத்துக்கு முன் விளக்கேற்றிக் கும்பிட்டார். ஆரைக் கும்பிடுகிறீர்கள் என்று ஐயா தம் அரைச் சிங்களத்திற் கேட்டார். “ஈஸ்வர தெய்யோ” என்றார் அவர். வேறு என்ன சொல்வார்?

அந்நகரத்துச் சிவதேவாலயங்களில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த நடராசர், சுந்தரர் முதலிய வெண்கலப் படிமங்களைக் கொழும்பு நூதனசாலைக்குக் கொண்டுபோனார்கள். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் இவற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கொழும்புக்குப் போகும் தம்பிமார் கடைத்தெருவோடு திரும்பிவிடாமல் ஒருமுறை அங்கும் போகலாம்.

இவ்வளவும் கேட்டு உங்கள் முகம் மலர்வதைக் காண்கிறோம். எங்கள் முகமும் அப்படித்தான் மலர்ந்தது. ஆனால் கணக்கின் மற்றப் பக்கத்தையும் வாசித்தாக வேண்டும். சோழர் படை விகாரைகளைக் கொள்ளையிட்டதையும் அநுராதபுரத்தைப் பாழாக்கியதையும் சூளவம்சம் நெஞ்செரிந்து சொல்கிறது. நாங்கள் தேவாரம் பாடிய கோயிலின் கல் எந்த வெற்றியின் பின் எழுந்ததோ, அதே வெற்றியிலேதான் அந்நகரம் அழிந்தது. 2009இற்குப் பின் கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பிவந்த நமக்கு, அழிந்த நகரம் என்பது எழுத்திற் படித்து அறியவேண்டிய பொருளன்று. ஆகவே அப்பகுதியை விரைந்து கடக்க எங்களால் முடியவில்லை.

அதே பொலன்னறுவையில் வேளைக்காரர் கல்வெட்டு இருக்கிறது. தமிழிற் பொறித்தது, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம். விசயபாகு இறந்தபின் தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று தென்னகத்துப் போர்வீரராகிய வேளைக்காரப் படையினர் உறுதியளித்த ஆவணம். புத்தரின் புனிதப் பல்லுக்குக் காவல், தமிழிற் சத்தியஞ்செய்த வீரர். திருகோணமலைப் பக்கத்திலே வெல்கம் விகாரை என்னும் பௌத்தப் பள்ளிக்குச் சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழிலே தான சாசனங்கள் உண்டு. ஆக, அழித்தவர்களும் நம்மவர், காத்தவர்களும் நம்மவர். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது என்று அன்றிரவு தங்குமடத்தில் நெடுநேரம் வாதாடினோம். வாதம் முடியவில்லை, மின்சாரம் நின்றுவிட்டது.

கல்விகாரையில் ஒரே பாறையிற் செதுக்கிய நான்கு திருவுருவங்கள். படுத்த திருவுருவம் 46 அடி. அங்கே யாரும் உரத்துப் பேசவில்லை. அச்சிலைகளுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தல் கூடாது என்பதைப் போகிறவர்கள் முன்னரே தெரிந்துகொள்ளல் வேண்டும். நம் மூலத்தானத்துக்கு முதுகு காட்டி ஒருவன் இளித்துக்கொண்டு நின்றால் நமக்கு எப்படியிருக்கும்?

கண்டியிலே எங்களுக்கு நேரம் போதவில்லை. தலதா மாளிகையின் எதிரே விட்டுணு, நாதர், பத்தினி தேவாலயங்கள் நிற்பதையும், பத்தினி என்பவள் நம் வற்றாப்பளைக் கண்ணகையம்மனே என்பதையும் தாய்மார் கண்டு கைகூப்பினர். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் நாயக்க வமிசத்தவர். அவர்களுட் கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1753இற் சியாம் தேசத்திலிருந்து பிக்குகளை வருவித்துப் பௌத்தத் துறவறத்தை மீண்டும் நிலைநாட்டியவன். தம்புள்ளைக் குகையொன்றில் அவன் உருவச்சிலையை முதல்நாளே பார்த்திருந்தபடியால், பிள்ளைகள் பழகிய மாமனாரைப் போல அவன் பெயரைச் சொன்னார்கள். கடைசி மன்னன் கண்ணுசாமி 1815இற் பிடிபட்டு வேலூருக்குப் போய் 1832இல் அங்கு இறந்தான்.

ஊருக்குத் திரும்பும் வழியில், மாங்குளம் தாண்டியதும், விதானையார் ஐயாவின் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். “அப்பப்பா, வெளியூர்ப் பிள்ளையள் முப்பத்தெட்டுப் பேர் பஸ்ஸிலை எங்கடை ஊருக்கு வந்தால் நாங்கள் என்னத்தைக் காட்டுவம்? ஆர் சொல்லிக் குடுப்பினம்?” வண்டியில் இருந்த ஒருவருக்கும் விடை வரவில்லை. தான்தோன்றீசுவரத்தைக் காட்டலாம். வரகு ஒட்டுக்கு நெருப்பு வைத்தபோது அதனடியிற் சுயம்புலிங்கம் வெளிப்பட்டதால் ஒட்டுசுட்டான் ஆயிற்று என்ற கர்ணபரம்பரையை எல்லோரும் அறிவோம். அதற்கு மேல் இரண்டு வாக்கியம் சொல்லத் தெரிந்தவர் வண்டியில் இல்லை. கற்சிலைமடுவைக் காட்டலாம். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியனை, அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் இவ்விடத்திற்கு அண்மையில் வொன் டிறிபேர்க் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்திற் பொறித்துக் கல் நாட்டினார்களே, அந்த இடம். வென்றவன் நாட்டிய கல் அது. தோல்வியைச் சொல்லிற்றேயன்றி வன்னியன் இறந்தான் என்று சொல்லவில்லை. நாமோ இறந்த நாளாகவே கொண்டாடுகிறோம். வன்னியைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய கைந்நூலையாவது நம் வாசிகசாலையில் வைத்திருக்கிறோமா என்றால், இல்லை.

ஆகவே குழுவினர் சார்பில் மூன்று விண்ணப்பங்கள். லூயிஸின் நூலுக்கு வாசிகசாலை நிதியிலிருந்து பணம் ஒதுக்கவேண்டும். போரில் ஆவணங்களை இழந்த குடும்பங்களின் முதியோர், ஊரின் பழைய குளம், துறை, கோயில், மடம் பற்றிச் சொல்வதைப் பிள்ளைகள் எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைக்க ஒரு கொப்பியும் இரண்டு பேரும் தேவை. பேத்தி ஒருத்தி ஏற்கெனவே முன்வந்திருக்கிறாள், இன்னொருவர் வேண்டும். மூன்றாவது, வருகிற மாதத்து முதற் சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கோயில் வாசலிலிருந்து கற்சிலைமடுவுக்கு நடந்து போகிறோம். பஸ் இல்லை. தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கொண்டுவரவும். வழியிலுள்ள வாய்க்கால்களைப் பற்றி விதானையார் ஐயா பேசுவார். அவர் பேசி முடியும்வரை படம் எடுக்கலாகாது.